இரண்டு ஆட்டத் தடை

இந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடுகின்றன. ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள், அவற்றில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கும். யாரோ ஒரு காலத்தில் விதியை மாற்றினார்கள், வண்டிகளை மாற்றவில்லை. அதனால் ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறதென்று அவருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாகத் தினமும் காலையில், ரங்கூனில் நான் தங்கியிருக்கும் பசுந்தாங் பகுதியிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், நான் இதைச் செய்கிறேன். வந்த புதிதில் உள்ளங்கை வியர்க்கும். இப்போது போனைப் பார்த்துக்கொண்டே "போகலாம்" என்கிறேன். இன்னொருவன் உயிர் நம் வாயில் இருக்கிறது என்பதும் பழகிப் போகிற விஷயம்தான்.

ஊரில் இருக்கும் நீங்கள் என்னை ரங்கூனில் பெரிய வேலையில் இருப்பவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர், அவ்வளவுதான். கம்பெனியின் இங்குள்ள தலைவர் டேமியன் என்ற ஆஸ்திரேலியர். நான் இந்த நாட்டில் தங்குவதற்கான கடிதத்தில் ஆண்டுதோறும் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் நான் மன்னார்குடிக்குத் திரும்பி, மச்சான் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். சனிக்கிழமைதோறும் டேமியனும் அவருடைய நாட்டு நண்பர்களும் மாவ்பி போகும் வழியிலுள்ள ஒரு மைதானத்தில் ஃபூட்டி ஆடுவார்கள். முட்டை வடிவப் பந்து. காலால் உதைக்கலாம், கையால் குத்தித் தரலாம், தோளால் எதிராளியை இடித்துத் தள்ளலாம், தலையில் மட்டும் படக்கூடாது. வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக ஊரைக் காலி செய்துவிட்டுப் போனதால் ஆள் குறைந்தது. உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். நடுவர் பஞ்சமும் வந்தது. நான் ஊரில் கபடி நடுவராக இருந்தவன் என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னதில் விசில் என் கழுத்துக்கு வந்து சேர்ந்தது.

கபடி நடுவராக நான் எப்படிப்பட்டவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் கோயில் திருவிழா ஆட்டத்தில் ஒரு கான்ட்ராக்டர் மகன் கோட்டைத் தாண்டினான். அவுட் கொடுத்தேன். அவன் சித்தப்பா கூட்டத்திலிருந்து இறங்கி வந்து செருப்பால் அடித்தார். சாயங்காலம் அவரே ஆளனுப்பி என்னைக் கறிச்சோறு சாப்பிடக் கூப்பிட்டார், நானும் போய்ச் சாப்பிட்டேன். மறுவருடம் அதே பையன் அதே கோட்டைத் தாண்டினான். என் கண் அப்போது வேறெங்கோ இருந்தது. நம் ஊர் அநியாயத்தில் ஒரு வெளிப்படை உண்டு, அடித்தவன் யார், பட்டவன் யார் என்று ஊருக்கே தெரியும். ஆஸ்திரேலியர்கள் அப்படிக் கிடையாது. அவர்களிடம் அட்டவணை உண்டு. இடித்தது கவனக்குறைவா, வேண்டுமென்றா. அடி லேசா, நடுத்தரமா, பலமா. பட்டது உடம்பிலா, தலையிலா. மூன்றையும் கூட்டினால் எத்தனை ஆட்டத் தடை என்று வந்துவிடும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. இனி எவன் செருப்பும் என்மேல் படாது என்று நினைத்தேன்.

நான் தங்கியிருப்பது சந்திரா வீட்டில். துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்களின் நாலாவது தலைமுறை. பெற்றோர் இல்லை, சந்திராவும் தம்பி மணியும் மட்டும்தான். மணிக்கு இருபத்து மூன்று வயது. வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை. தமிழ் புரியும், பேசும்போது பாதி பர்மிய மொழி கலந்துவிடும். நான்தான் அவனை ஃபூட்டிக்குக் கூட்டிப்போனேன். மூன்றே மாதத்தில் அந்தக் கூட்டத்திலேயே நன்றாக ஓடுகிறவன் அவன் என்றானது. பாங்காக்கில் நடக்கவிருந்த போட்டிக்குப் போகும் அணியில் அவன் பெயரும் சேர்ந்தது.

அந்தப் பயணம் எங்கள் வீட்டுக்கு வெறும் விளையாட்டு இல்லை. இங்கே ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள். வார்டு அலுவலகத்தில் பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். மணி வயதுப் பையன்களை வேலைக்கென்று வெளிநாடு போக விடுவதில்லை. விளையாட்டு அணியோடு, கடிதத்தோடு போகிறவனை விமான நிலையத்தில் அவ்வளவாகத் துருவமாட்டார்கள் என்று பேச்சு. பாங்காக்கில் ஒன்றுவிட்ட சித்தப்பா இருந்தார். மணி போவான், திரும்பி வரமாட்டான். இந்தத் திட்டம் தெரிந்தவர்கள் மூன்றே பேர், அதில் நான் ஒருவன்.

பாங்காக்குக்கு முன்னால் இரண்டு சனிக்கிழமைகள் பாக்கி இருந்தன. முதல் சனிக்கிழமை மழை பெய்து மைதானம் சேறாகிக் கிடந்தது. முற்பாதியில் டேமியன் ஓடிவந்து கோ லின் என்ற பர்மியப் பையனைத் தோளால் இடித்தார். தோள் நேராக வாயில் பட்டது. கோ லின் சேற்றில் ஒரு பல்லைத் துப்பினான். நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். "ப்ளே ஆன்" என்று கத்தினேன், ஆட்டம் தொடரட்டும் என்று பொருள். பிற்பாதியில் மணி பந்துக்காக ஓடினான், டேமியனும் ஓடினார். அதே மாதிரி இடி, இந்தமுறை மணியின் தோள், டேமியனின் வாய். டேமியன் உட்கார்ந்துவிட்டார், உதட்டில் ரத்தம். யோசிக்கும் முன்பே என் விசில் ஊதிவிட்டது. மணியின் எண்ணை நடுவர் தாளில் எழுதினேன். எழுதும்போது எனக்கு எல்லாம் தெரியும். பாங்காக் தெரியும், வார்டு அலுவலகம் தெரியும். பயந்தேன், எழுதினேன். இதற்கு மேல் அழகான காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மனக்கணக்குப் போட்டு என்னைத் தேற்றிக்கொண்டேன். ஒரு ஆட்டத் தடை கிடைக்கும், அடுத்த சனிக்கிழமையோடு கழிந்துவிடும், பாங்காக்குக்குப் பாதகமில்லை. மணியிடமும் அதையே சொன்னேன்.

"அக்கோ, நான் வேணும்னு இடிக்கல," என்றான். அண்ணனைப் பர்மிய மொழியில் அக்கோ என்பார்கள். "பந்தைத்தான் பாத்தேன்."

"எனக்குத் தெரியும். ஆனா எதிர்த்துப் பேசாதே. பெரியவங்க முன்னாடி மன்னிப்புக் கேட்டுடு. முதல்லேயே ஒத்துக்கிட்டா ஒரு ஆட்டம் குறைப்பாங்க."

"கேக்கறேன் அக்கோ. அவங்க கூப்பிட்டு விசாரிக்கிறப்ப இல்லேன்னு நிக்க எனக்கும் ஆனாதே." அடுத்தவருக்குச் சங்கடம் கொடுக்கக் கூசுவதைப் பர்மியர்கள் ஆனாதே என்பார்கள். இந்த ஊரில் பாதி அநியாயம் அந்தக் கூச்சத்தின் மேல்தான் நடக்கிறது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஒரு உணவகத்தின் மாடியறையில் விசாரணை. மூன்று பேர் குழு. தலைவி ஷெரில், பள்ளிக்கூட ஆசிரியை, நல்ல மனுஷி. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கோ லினின் நண்பர்கள் முறையிட்டதால் டேமியனையும் விசாரித்தார்கள். யாரோ போனில் எடுத்திருந்த ஆட்ட வீடியோவை அவர் போட்டுக் காட்டினார். தன் பார்வை பந்தின் மேல் இருந்தது என்றார், ஆகவே கவனக்குறைவு. கோ லின் எழுந்து தொடர்ந்து ஆடினான், ஆகவே லேசான அடி. அந்தப் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. நடுவரே ஆட்டத்தைத் தொடரச் சொன்னாரே என்று என்னையும் சாட்சிக்கு இழுத்தார். ஆமாம் என்றேன். அட்டவணைப்படி ஒரு ஆட்டம். இத்தனை வருட நன்னடத்தைக்காக அதுவும் எச்சரிக்கையாகக் குறைந்தது.

பிறகு மணி. எல்லோரும் ஷூவோடு உட்கார்ந்திருந்த அறைக்கு அவன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தான். இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றான். பெரியவர்கள் முன் இங்கே அப்படித்தான் நிற்பார்கள், நம் ஊரிலும் அப்படித்தான். ஷெரில் அந்தக் கைகளைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாக, "என்ன திமிர் பாருங்கள்," என்றார். கை கட்டி நிற்பது அவர்கள் ஊரில் எதிர்த்து நிற்பதன் அடையாளம். மொழிபெயர்ப்பாளனும் நான்தான், சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை.

"தப்பு என்னோடது. மன்னிச்சுக்கணும்," என்றான் மணி. மொழிபெயர்த்தேன்.

"அப்படியென்றால் தெரிந்தே செய்தாரா?" என்றார் ஷெரில். நான் மணியிடம் கேட்டேன். அவன் டேமியனின் தையல் போட்ட உதட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அவங்க என்ன சொன்னாலும் சரி அக்கோ. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

டேமியன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாம் என்கிறான்," என்றேன்.

வேண்டுமென்றே, நடுத்தர அடி, தலையில். மூன்று ஆட்டம். முன்கூட்டியே ஒப்புக்கொண்டதற்கு ஒன்று தள்ளுபடி. இரண்டு ஆட்டத் தடை. இரண்டாவது ஆட்டம் பாங்காக். வெளியே வரும்போது ஷெரில் என் தோளைத் தட்டி, "வருத்தப்படாதீர்கள், அட்டவணை எல்லோருக்கும் ஒன்றுதான்," என்றார். மணி படியில் இறங்கிக்கொண்டே, "யாதே அக்கோ," என்றான். பரவாயில்லை என்று பொருள்.

சந்திரா மட்டும் விடவில்லை. மறுநாள் காலை நான் கிளம்பும்போது வாசலில் நின்றாள்.

"அண்ணே, அவன் சொன்னத நீங்க அவங்ககிட்ட என்னன்னு சொன்னீங்க?"

சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை, சொல்லியிருந்தாலும் கண்டுபிடித்திருப்பாள்.

"சரி. இன்னைக்குப் போயி, தப்பா ஊதிட்டேன், தப்பா சொல்லிட்டேன்னு சொல்லுங்க. அதுல உங்க மானம் போவுமா? போனாப் போவட்டும். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்."

போனேன். டேமியனின் அறைக்கு வெளியே இருபது நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போனேன். அவர் சிரித்த முகமாக உட்காரச் சொன்னார். நேற்றைய விஷயம் என்று நான் ஆரம்பித்ததுமே கையை உயர்த்தினார். நடுவர் என்பவர் தன் முடிவிலிருந்து பின்வாங்கவே கூடாது, அப்படிச் செய்தால் ஆட்டத்துக்கே மரியாதை போய்விடும், நேற்று நீங்கள் தைரியமாக நடந்துகொண்டீர்கள் என்றார். பிறகு மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். என் தங்கும் கடிதம், கையெழுத்துப் போட்டிருந்தது. "இன்னொன்று. பாங்காக் அணியில் ஒரு இடம் காலி. கோல் கம்பத்தருகே கொடி காட்ட ஆள் வேண்டும். நீங்கள் வாருங்களேன்."

வருகிறேன் என்றேன். நன்றி என்றும் சொன்னேன். அவர் கேட்கக்கூட இல்லை, நானாகச் சொன்னேன்.

விமான நிலையத்தில் அணிப் பையன்களின் கடிதத்தைப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்தினார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பேச்சு உண்மைதான் என்று அப்போது தெரிந்தது. பாங்காக்கில் இரண்டு நாள் வெயிலில் நின்று, கோல் விழும்போதெல்லாம் இரண்டு கையாலும் கொடி ஆட்டினேன். திரும்பும் நாள் காலை கோ லின் பையோடு விடுதி வாசலில் நின்றான். "சயா, நான் வரல," என்றான் பர்மிய மொழியில், சயா என்றால் ஐயா. பல் இல்லாத இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனான். மணி எப்படிப் போவான் என்று நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோமோ, சரியாக அதே மாதிரி. டேமியன் விமானத்தில் வழி நெடுக நம்பிக்கைத் துரோகம் என்று புலம்பிக்கொண்டு வந்தார். நான் ஆமாம் போட்டுக்கொண்டு வந்தேன்.

நாங்கள் திரும்பிய நாலாவது வாரம் வார்டு குலுக்கலில் மணியின் பெயர் வந்தது. அடையாள அட்டையில் இருக்கும் பர்மியப் பெயர். காலையில் பட்டறைக்கே வந்து கூட்டிப்போனார்கள். சந்திரா செய்தி கேட்டு ஓடியபோது அவன் தைத்துக்கொண்டிருந்த உறை மிஷினிலேயே இருந்ததாம், ஊசி இறங்கியபடி. அதன் பிறகு ஒருமுறை போன் வந்தது. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றானாம். எங்கே இருக்கிறான் என்று சொல்லவில்லை.

நம் ஊராக இருந்தால் சந்திரா என் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பாள். நான்கு பேர் கூடி என்னை மிதித்திருப்பார்கள். நானும் அடி வாங்கிக்கொண்டு, கணக்குத் தீர்ந்தது என்று எங்காவது போயிருப்பேன். இங்கே அது நடக்கவில்லை. காலையில் மீன் சாறு ஊற்றிய நூடுல்ஸ், இங்கே மொஹிங்கா என்பார்கள், அந்தக் கிண்ணம் வழக்கம்போல என் முன்னால் வருகிறது. உப்பு போதுமா என்று கேட்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "யாதே," என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சில்லை. எனக்கு அந்தச் செருப்படி வேண்டும் போலிருக்கிறது, கொடுக்க ஆளில்லை.

போன ஞாயிறு காலை வார்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று குடும்பப் பட்டியலை வைத்துச் சரிபார்ப்பது இங்கே வழக்கம். பட்டியலில் இல்லாதவர் தங்கினால் அவர் பெயரை விருந்தாளிச் சீட்டில் எழுதித் தர வேண்டும். சந்திரா பட்டியலை எடுத்து வந்தாள். அதில் இரண்டே பெயர்கள்.

"வீட்டில் ஆண்கள்?" என்றார் அவர் பர்மிய மொழியில்.

"ஒருத்தன். நீங்க கூட்டிப்போயிட்டீங்க."

அவர் பேனாவால் என்னைக் காட்டினார். "இவர்?"

ஒன்பது வருடமாக அக்கம்பக்கத்தில் எங்க அண்ணன் என்றுதான் அவள் சொல்லி வந்திருக்கிறாள். கடைக்காரனிடமும் அப்படித்தான், கோயிலிலும் அப்படித்தான்.

"விருந்தாளி," என்றாள். "வெளிநாட்டுக்காரர்."

"எப்போது போகிறார்?"

"அவருக்கென்ன. எப்ப வேணும்னாலும் போகலாம்."

அவர் என் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டார். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார், நானும் நிதானமாகச் சொன்னேன். பிறகு அந்தச் சீட்டைக் குடும்பப் பட்டியலின் மேல் வைத்துக் குண்டூசி குத்தினார். மணியின் பெயர் அதற்கு அடியில் போய்விட்டது.