என் மிஷின்ல ஓடுதே

அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. டெஸ்டர் என்பார்கள். பிறவிக் குணத்துக்குச் சம்பளம் வேறயா என்று வீட்டில் கேலி பண்ணுவார்கள். ஆறு வருடமாக நான் தப்புக் கண்டுபிடித்தது பெரும்பாலும் ஒரே ஆளிடம்தான்.

அவன் கண்டரமாணிக்கத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது இளையவன். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தபோது என் பக்கத்து மேஜை. பழைய பெரிய வீடுகளை விடுதியாக்கியவர்களுக்கு, அறை பதிவு செய்யும் புரோகிராமை அவன் எழுதுவான், நான் சோதிப்பேன். தப்பென்றால் ஒத்துக்கொள்ளவே மாட்டான், ஆபீஸ் கொடுத்த தன் கம்ப்யூட்டரைக் காட்டுவான்.

"என் மிஷின்ல ஓடுதே அக்கா! நீங்க தொட்டாத்தான் எல்லாம் நின்னு போகுது."

"அப்ப உன் மிஷினையே கஸ்டமருக்குத் தூக்கிக் குடு" என்பேன்.

சண்டை டீக்கடை வரைக்கும் போகும். சாயங்காலம் சத்தமில்லாமல் சரிசெய்து வைத்திருப்பான். ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை, கழுதை.

ஆபீசைச் சென்னைக்கு மாற்றினார்கள். அவன் போனான். நான் கோட்டையூரில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். சண்டை போனுக்கு மாறியது. நான் கத்துவது கணவரிடம்தான் என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

பிறகு ஏஜென்ட் என்ற ஏ.ஐ. வந்தது. இன்னது வேண்டும் என்று சொன்னால் போதும். அதுவே புரோகிராம் எழுதும், அதுவே சோதிக்கும், தப்பிருந்தால் அதுவே திருத்தும். பார்த்துவிட்டுச் 'சரி' என்று அழுத்துவதுதான் எனக்கு மிஞ்சிய வேலை. அவனுடைய போன் வாரத்துக்கு ஒன்றாகி, அப்புறம் நின்றே போனது. நான் கூப்பிடலாம்தான். என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது? சும்மா பேசிய பழக்கம் எங்களுக்கு இல்லை. பதினொரு மணிக்கு, பழைய டீக்கடை நேரத்தில், எனக்கு வாய் நமநமவென்றிருக்கும். அவனோடு ஒரு சண்டை போட அப்படி ஏங்கினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

போன வாரம் ஒரு தப்பு கையில் சிக்கியது. ஒரே அறையை ஒரே நாளில் இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தது புரோகிராம். 'நானே திருத்திவிடட்டுமா?' என்று ஏஜென்ட் கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு, தப்பை அவன் பெயருக்கு அனுப்பினேன். இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் எழுதினாய் என்று வேண்டுமென்றே குத்தலாக ஒரு வரியும் சேர்த்தேன். கட்டாயம் கூப்பிடுவான். போனை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

நாலே நிமிடத்தில் அவன் பெயரில், ஆங்கிலத்தில் பதில் வந்தது. விரிவாகச் சுட்டிக்காட்டியதற்கு நன்றியாம். திருத்தியாகிவிட்டதாம்.

நன்றியா? இவனா? ஏஜென்ட் காட்டிய தப்புகளுக்கு அவன் பெயரில் வந்த பழைய பதில்களைப் புரட்டினேன். மூன்று மாதமாக எல்லாவற்றிலும் நன்றி, நன்றி. ஒன்றையும் படிக்காமல் நான் 'சரி' அழுத்தியிருக்கிறேன்.

காரணம் கிடக்கட்டும் என்று கூப்பிட்டுவிட்டேன்.

"ஏண்டா, பதில் போடுறதைக்கூட ஏஜென்ட்கிட்ட விட்டுட்டுத் தூங்குறியா?"



"அக்கா, என்னைய வேலைய விட்டு நிறுத்தி மூணு மாசமாச்சு. அது பதில் போடுற இடத்துல என் பேரை எடுக்காம விட்டுட்டாக போல."

ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் போட்டிருப்பார்கள். நான்தான் அதைப் பார்ப்பதே இல்லை.

"இப்ப எங்க இருக்க?"

"ஊர்லதான். கண்டரமாணிக்கத்துல. நீங்க ஒரு போன் போடுவீகன்னு பாத்தேன்."

பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம். மூன்று மாதமும் இவன் அங்கே போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், நான் இங்கே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் நீளுகிற என் நாக்கில் ஒரு ஆறுதல் வார்த்தை வரவில்லை.

"நீ எழுதுனது ஒரே ரூமை ரெண்டு குடும்பத்துக்குக் குடுத்திருக்குடா" என்றேன்.

"சான்ஸே இல்ல!" சட்டென்று பழைய குரல் வந்துவிட்டது. "என் மிஷின்ல ஓடுதே அக்கா!"

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அவன் சொன்னான்:

"அந்த மிஷினையும் அன்னைக்கே திருப்பி வாங்கிக்கிட்டாகக்கா."