பூஜ்யத்தை அழித்தவள்

பெரியவளுக்கு அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்தாலே வயிறு எரியும்.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் வலது பக்கம் இருந்தது அந்த அறை. முன்பு உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். இப்போது வெள்ளையடித்து, ஏசி மாட்டி, கதவில் ‘தர மேம்பாட்டுப் பிரிவு’ என்று எழுதிவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவள் அவளுடைய ஓரகத்தி. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பெரியவள், தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் சின்னவள். வீடும் ஒன்றுதான். மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம்.

பெரியவள் அறுவைசிகிச்சை வார்டின் தலைமை நர்ஸ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். யாருக்காவது கையில் நரம்பு கிடைக்கவில்லை என்றால் மற்ற வார்டுகளிலிருந்தும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் கைப்பையை வைக்க வார்டு அலமாரியின் கீழ்த்தட்டுதான் இன்றைக்கும். சின்னவளுக்கோ தனி அறை, தனி போன், சுழல் நாற்காலி.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. சின்னவளை இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்ததே பெரியவள்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மேனேஜரிடம் போய், “எங்க வீட்டுப் பொண்ணு சார், அடக்கமா இருப்பா” என்று சொல்லி, ரெக்கார்டு அறையில் பழைய கேஸ் ஷீட்டுகளை அடுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். அடக்கமாக இருந்தவள் தபால் வழியில் ஏதேதோ படித்தாள். ஆஸ்பத்திரிக்குத் தர அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் சின்னவள்தான் என்று கண்டுகொண்டார்கள். ஆறே மாதத்தில் பெரிய டாக்டரே எழுந்து நின்று, “நீங்க சொல்லுங்க மேடம்” என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் மாமியார் வேறு. “நம்ம வீட்டுலயும் ஒரு ஆபீசர் இருக்கா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அப்படிச் சொல்லும்போது பெரியவள் காபி டம்ளரை மேஜைமேல் கொஞ்சம் சத்தமாகவே வைப்பாள்.

வார்டில் அவள் ஓரகத்திக்கு வைத்த பெயர் ‘ஃபைலம்மா’. “ஃபைலம்மா வர்றாங்க, எல்லாரும் நோயாளிய விட்டுட்டு நோட்டுப் புத்தகத்தப் பாருங்க” என்பாள். மற்ற நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சின்னவள் வருவாள். வீட்டில் வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள், இங்கே கழுத்தில் அடையாள அட்டை தொங்க, “சிஸ்டர், இந்தப் பேஷண்டுக்கு மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி பேரும் நம்பரும் கேட்டீங்களா?” என்பாள்.

“மூணு நாளா என் கையால மருந்து சாப்பிடறவரு. அவர் பேரு எனக்குத் தெரியாதா?”

“தெரியும் சிஸ்டர். இருந்தாலும் அவர் வாயாலயே சொல்லணும். விதி அப்படி.”

ஒரு ஊசி போட்டு அறியாதவள் தனக்கு விதி சொல்கிறாளே என்று பெரியவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். அந்த விதி தேவைதான் என்று அவளுக்கும் தெரியும். பல வருஷம் முன்பு, ஒரே பெயர் கொண்ட இருவரில் ஒருவருக்குப் போக வேண்டிய மாத்திரை இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. அவர் வாயில் போடும் கடைசி நொடியில் பெரியவள்தான் ஓடிப் போய்த் தட்டிவிட்டாள். ஆனால் அதை அப்போது எங்கும் எழுதவில்லை. எழுதும் வழக்கமும் இல்லை. இருந்திருந்தால் இந்த விதியைப் போட்டவளே தானாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம்தான் அவளை இன்னும் குடைந்தது.

மஞ்சள் காமாலைத் தடுப்பூசி வந்தபோதும் இதே கதை. கிருமி ரத்தத்தின் வழியாகப் பரவும் என்பதால் ஊழியர்கள் எல்லாரும் மூன்று தவணை போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். முதல் தவணை போட்டுக்கொண்டாள். இரண்டாவது தவணை அன்று சின்னவள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று டிக் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய டிக்குக்காகத் தான் கையை நீட்டுவதா? “வார்டுல வேலை இருக்கு, அப்புறம் வரேன்” என்று திரும்பிவிட்டாள். அப்புறம் போகவே இல்லை.

தர அங்கீகாரத்துக்கான பரிசோதகர்கள் வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அது நடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பதினான்காம் படுக்கை நோயாளிக்கு ரத்தம் எடுத்தாள். ஊசியை ஒரு கையிலும் மூடியை இன்னொரு கையிலும் பிடித்து மூடினாள். அப்படி மூடக் கூடாது, நேராக ஊசிப் பெட்டியில் போட வேண்டும் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பெட்டியோ வார்டின் அந்தக் கோடியில் இருந்தது. திறந்த ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் யார் நடப்பது? இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் மூடுகிறாள். அன்றைக்கு நோயாளி சட்டென்று இருமினார். அவள் கை விலகியது. ஊசி கையுறையைத் துளைத்துக்கொண்டு இடது கட்டைவிரலில் இறங்கியது.

குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு சொட்டு ரத்தம்தான். பிறகு நோயாளியின் கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே இருந்தது. காமாலைக் கிருமி, பாசிட்டிவ்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். சம்பவ அறிக்கைத் தாளை எழுத வேண்டும், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், ஒரு நாளுக்குள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தாள் மேஜை டிராயரில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாள் நேராகப் போய்ச் சேரும் இடம் கண்ணாடிக் கதவு. ‘இரண்டு கையால் மூடினீர்களா? தடுப்பூசித் தவணை முடித்தீர்களா?’ என்று அதில் கேள்விகள் இருக்கும். பதிலைச் சின்னவள் படிப்பாள். அவள் முன்னால் போய்த் தலைகுனிந்து நிற்பதைவிடக் காமாலையே வரட்டும் என்று டிராயரைச் சாத்தினாள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கீழ்வீட்டிலிருந்து சின்னவளின் குரல் கேட்டது. போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். “ஆமா சார். ஆறு மாசமா ஊசிக்குத்து ஒண்ணுகூட இல்ல. போர்டுல பூஜ்யம்னுதான் எழுதியிருக்கோம்.”

பெரியவள் படியில் அப்படியே நின்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கும் அந்தப் போர்டு அவள் கண் முன்னால் வந்தது. பச்சை மையில், வட்டமாக, முட்டை மாதிரி ஒரு பூஜ்யம். சின்னவளின் மகுடமே அதுதான். பரிசோதகர்கள் வந்து முதலில் பார்ப்பதும் அதைத்தான். தன் ஒரு தாள் போதும், அந்த முட்டை உடைந்துவிடும். மாடிக்குப் போனதும் முதல் வேலையாகக் காபி கலந்து குடித்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அறிக்கையை முத்து முத்தாக எழுதினாள். எதையும் மறைக்கவில்லை. இரண்டு கையால் மூடியது, தவணையைத் தவறவிட்டது எல்லாம் இருந்தது. எவ்வளவு எழுதுகிறோமோ அவ்வளவு அடி அவளுக்கு என்று நினைத்தாள். தாளை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

“இந்தா. உன் போர்டுல பூஜ்யத்த அழிச்சிடு.”

சின்னவள் தாளைப் படித்தாள். முகம் வெளுத்தது. பெரியவள் அந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் சின்னவள் போர்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“எத்தனை மணிக்குக் குத்துச்சு?”

“நேத்து ரெண்டரை.”

சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு. வாங்க.” கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கினாள். தேவைப்பட்ட ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. நான்கு இடத்துக்குப் போன் போட்டு, கடைசியில் தானே ஆட்டோவில் போய் ஐஸ் பெட்டியில் வாங்கி வந்தாள். பன்னிரண்டரைக்குள் அந்த மருந்தும், விட்டுப்போன தடுப்பூசியும் இரண்டு தோளிலும் ஏறிவிட்டன.

எல்லாம் முடிந்து அறைக்குத் திரும்பியதும் பெரியவளால் பொறுக்க முடியவில்லை. “உன் பூஜ்யம் போச்சேன்னு உனக்குக் கவலையே இல்லையா?”

“அக்கா, முந்நூறு பேர் வேலை பாக்கற இடத்துல ஆறு மாசமா பூஜ்யம்னா என்ன அர்த்தம்? யாருக்கும் குத்தலன்னு இல்ல, யாரும் சொல்லலன்னு அர்த்தம். பரிசோதகருங்க முதல்ல அதத்தான் கேப்பாங்க. என்ன பதில் சொல்றதுன்னு ரெண்டு வாரமா சோறு இறங்கல எனக்கு. நேத்து சாயங்காலம் போன்லகூட மேனேஜர் சார் கிட்ட அதத்தான் புலம்பினேன்.” சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்லவேளை, நீங்களாவது வந்து சொன்னீங்க.”

பெரியவளுக்கு மூக்குடைந்தது. குத்தப் போன இடத்தில் கும்பிடு கிடைத்தால் என்ன செய்வது? வார்டுக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை சின்னவள் வார்டுக்கு வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் பதினான்காம் படுக்கையிலிருந்து ஊசிப் பெட்டி வரை நடந்து பார்த்தாள். நாற்பத்தொரு காலடி. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவள் படித்த அறிக்கையில் பெரியவளின் பெயரே வரவில்லை. ‘பெட்டி நாற்பத்தொரு காலடி தூரத்தில் இருந்தால் யாரும் ஊசியை மூடத்தான் செய்வார்கள். தவறு பெட்டி வைத்த இடத்தில்’ என்று மட்டும் இருந்தது. அடுத்த வாரமே ஒவ்வொரு டிராலியிலும் ஒரு சின்னப் பெட்டியைத் திருகி மாட்டிவிட்டார்கள்.

பெரியவளுக்கு அன்று வந்த பொறாமைதான் உண்மையான பொறாமை. அறைக்கும் நாற்காலிக்கும் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்பத்தொரு காலடியைத் தினமும் நடந்தவள் தான். அதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தனக்கு ஏன் தோன்றவில்லை? ஊசி பிடித்தே அறியாத ஒருத்திக்கு அது எப்படித் தோன்றியது?

குப்பைப் பைகளை எடுக்கும் அம்மாள் ஒருநாள் அவளிடம் வந்து, “இப்பல்லாம் பைய பயப்படாம தூக்கறேன் சிஸ்டர். முன்னாடி வருஷத்துக்கு ரெண்டு தடவயாவது பைக்குள்ள கெடக்கற ஊசி காலுல குத்திரும். சொன்னா வேலை போயிருமோன்னு துணியக் கட்டிக்கிட்டுப் போயிருவேன்” என்றாள். சின்னவளிடமும் இதைச் சொன்னாயா என்று பெரியவள் கேட்டாள். இல்லை என்றதும், தானே அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வைத்தாள். நல்ல மனதோடுதான் செய்தாளா, தன் வார்டு ஆள் என்று காட்டவா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அம்மாளைப் பார்த்து மேலும் ஐந்து பேர் வந்து சொன்னார்கள். போர்டில் பூஜ்யம் ஏழானது.

பரிசோதகர்கள் ஏழு என்ற அந்த எண்ணைப் பார்த்துத்தான் அரைமணி நேரம் பேசினார்கள். வார்டுக்கு வந்தபோது பெரியவளிடம், ஊசி குத்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அவள் கட்டைவிரலைக் காட்டியே சொன்னாள். அங்கீகாரம் கிடைத்தது. விழாவில் பூங்கொத்து சின்னவளுக்கு. கைதட்டும்போது பெரியவளின் உள்ளங்கை வலித்தது.

ஆறு மாதம் கழித்து வந்த ரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை. கீழ்வீட்டுக்கு இறங்கிப் போய், “ஒண்ணும் இல்லையாம்” என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்த சின்னவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். “அப்பாடா” என்றாள்.

அந்த மாதமே தொற்றுத் தடுப்புக்கென்று தனியாக ஒருவர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. நர்ஸாக இருப்பவர்தான் வர முடியும், மற்றவர்கள் வர முடியாது. அந்த வரியைப் பெரியவள் மூன்று தடவை படித்தாள். முதல் விண்ணப்பம் அவளுடையது. வேலை கிடைத்தது. தனி அறை கிடைக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே, சின்னவளின் மேஜைக்கு எதிரே ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள்.

முதல் நாளே சின்னவள் எழுதிய அறிக்கை ஒன்றைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“கை கழுவறதப் பத்தி நீ எழுதியிருக்கறதப் பாரு. நோயாளிய தொட்டவ எழுதினா இப்படியா இருக்கும்?”

“அப்ப நீங்களே எழுதுங்கக்கா.”

பெரியவள் பேனாவை எடுத்தாள். எழுதுவது நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. நான்காவது வரியில் நின்றுபோய், எதிரே இருந்தவளிடம் கேட்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, கடைசியில் கேட்டாள்.