ஐந்து துளைக்கு ஒரு மேசை

பட்டறைப் பக்கமிருந்து ‘டப்’ என்று சத்தம் கேட்டது. காப்பி ஆற்றிக்கொண்டிருந்த தாட்சாயணி டபராவைக் கீழே வைத்தாள். துளைக்குள் மரை வெட்டும் கருவி, டேப், இன்னொன்று ஒடிந்தது. வந்தவருக்குச் செய்து காட்டப் போய் எத்திராஜ் ஒடித்திருக்கிறான்.

நகரியில் பதினொரு வருஷமாக அவளும் புருஷன் எத்திராஜும் தறிக்குப் பித்தளை வளையம் செய்கிறார்கள். வளையத்துக்கு ஐந்து துளை. எத்திராஜ் துளைப்பான், மறுபடி மெஷினில் ஏற்றி அவள் மரை போடுவாள். மயிரிழை விலகினாலும் டேப் போச்சு. திருத்தணி நெசவாளர் சங்கம் இரண்டாயிரம் வளையம் கேட்டிருந்தது. ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திராவை விட்டு மதராஸ் ராஜ்யத்தோடு சேருகிறது; நகரி ஆந்திராவிலேயே நிற்கும். அதற்குள் கொடுக்காவிட்டால் ஆர்டர் இல்லை. பழைய முறையில் அதற்குள் முடியாது.

அதனால்தான் மதராஸிலிருந்து மெஷின் வியாபாரி வேதாச்சலம் சுழல் மேசையோடு வந்திருந்தார். வளையத்தை அதில் பூட்டிப் பிடியைத் தட்டினால் மேசை அடுத்த துளைக்குத் திரும்பி, முள் விளிம்புப் பள்ளத்தில் விழுந்து நிற்கும்; கழற்றாமலே துளைத்து மரையும் போடலாம். எத்திராஜ் தட்டித் தட்டிப் பூரித்தான்.

காப்பியோடு பட்டறைக்கு வந்த தாட்சாயணி பள்ளங்களை எண்ணினாள். இருபத்து நாலு.

“இருபத்து நாலுல ஆறு வரும், எட்டு வரும். அஞ்சு எப்டிங்க வரும்?”

“எல்லாரும் ஆறுதாம்மா போடறாங்க. நீங்களும் போட்டுடுங்களேன்.”

“தறியில அஞ்சு துளைதான் இருக்கு. அதுகிட்ட நீங்க பேசறீங்களா?”

வேதாச்சலம் கன்னத்தைச் சொறிந்தார். “பல்சக்கர மேசை இருக்கு. கைப்பிடியைத் தொண்ணூறு தடவை சுத்தினா மேசை ஒரு சுத்து. எந்தக் கணக்கும் வரும்.”

“துளைக்குப் பதினெட்டு சுத்து. துளைக்க ஒருக்கா, மரைக்கு ஒருக்கா. ரெண்டாயிரம் வளையம். சுத்திக்கினே கிழவியாயிடுவேன்.”

“இந்த மேசைக்கே அஞ்சு பள்ளம் வெச்ச தட்டு கிடைக்காதா?” என்றான் எத்திராஜ்.

“சொல்லிச் செய்யணும். ஆறு வாரம்.”

இன்று பிப்ரவரி இருபத்தாறு.

“வரவழைச்சிட்டு வெறுங்கையா அனுப்பறதா? மானம் போவுது. இதையே வெச்சிக்கலாம்மே” என்றான் எத்திராஜ்.

“மானம் இவருக்குக் காயிதம் எழுதறப்ப எங்க போச்சி? மோட்டாரு எத்தினி குதிர சக்தின்னு எழுதின. வளையம் எத்தினி கனம்னு எழுதின. எத்தினி துளைன்னு எழுதினியா?”

அவன் தலை குனிந்தது. பதினொரு வருஷம் கையில் உருட்டிய எண், அவனுக்கு எழுதத் தோன்றவில்லை.

அவள் கண் நிறைந்தது, வழிய விடவில்லை. மேசையைச் சாக்கில் சுற்றி வேதாச்சலத்தின் பக்கம் நகர்த்தினாள்.

“எடுத்துக்கினு போங்க. சங்கத்துக்கு முடியாதுன்னு எழுதிடறோம்.”

அவர் குடிக்காத காப்பி ஆறிக்கிடந்தது. சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். தாட்சாயணி கதவைச் சாத்தினாள்.