மூன்று பிஸ்டன்களும் இரண்டு பூக்களும்

நெற்றிக்கு நீறும் நாவுக்குத் தன் பெயரும் தந்து இந்த அடியேனை இத்தனை காலம் நடத்திவரும் சிவபெருமான் திருவடி வாழ்க. அவன் பாகத்து அம்மை எங்கள் தோட்டத்துக் கோயிலில் மாரியாக நின்று காக்கிறாள். அவள் திருவடியும் வாழ்க. வளர்பிறைப் பஞ்சமியும் திங்கட்கிழமையும் கூடிய இந்நன்னாளில், என் காருக்குப் பிஸ்டன் தெரிந்தெடுத்த கதையை எழுதத் தொடங்குகிறேன். மனம் தெளிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். தெளிவு வரவில்லை. ஆகவே தெளியாமலே எழுதுகிறேன்.

நாங்கள் வசிப்பது புலாவ் செபாங் என்னும் சிற்றூரில். என் மனைவிக்குச் சிறுநீரகங்கள் ஓய்ந்துவிட்டதால் வாரம் மும்முறை தொலைவிலுள்ள ஆயர் குரோ நகருக்கு அழைத்துச் சென்று டயாலிசிஸ் செய்துவர வேண்டும். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஒட்டவைத்த உடம்பு. நான் அலுவலகத்தில் பணியாற்றிய காலத்தில் வாங்கிய பழைய ஜப்பானியக் காரின் இருக்கை தாழ்வானது, கதவும் அகலமாகத் திறக்கும். முதலில் பக்கவாட்டில் அமர்ந்துகொண்டு, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைப்பாள். வேறு எந்த வண்டியில் ஏற்றினாலும் வலியில் அவள் உதட்டைக் கடிப்பதை நான் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்தக் கார் நீலப் புகை கக்கத் தொடங்கியது. ஆயர் குரோ தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நாற்பது வயதைக் கடந்தவர். இளமையில் இரவுச் சாலைகளில் காரைப் பறக்கவிட்ட பெருமை இன்னும் பேச்சில் மிச்சமிருக்கும். எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு அழைத்தார்.

"சிலிண்டர் நல்லா தேஞ்சு போச்சு ஐயா. உள்சுவரைக் கடைஞ்சு அகலமாக்கிப் பெரிய சைஸ் பிஸ்டன் போடணும். ஏற்கெனவே கடைஞ்ச வண்டி இது. இதான் கடைசித் தடவை. இதுக்கு மேல கடைஞ்சா சுவரு தாங்காது."

"சரி, வியாழக்கிழமை நாள் நல்லா இருக்கு. கடைஞ்சிடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நாள் நல்லாத்தான் இருக்கும். பிஸ்டன் எங்க? அதை முதல்ல வாங்கி, அளந்து, அந்த அளவுக்குத்தான் சிலிண்டரைக் கடைவாங்க. எந்த செட்டுக்குக் கடையுறோமோ, அதோடதான் வாழணும்லா."

குழிக்கு ஏற்ற தூணைத் தேடுவது போல் எண்ணியிருந்தேன். இங்கே தூணை வைத்துக்கொண்டு குழி பறிக்கிறார்கள். என் குழப்பம் அங்கே தொடங்கியது.

மறுவாரம் அவர் செட்டுக்கு ஒன்றாக மூன்று பிஸ்டன்களை நாளிதழ் விரித்த மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்றும் ஒரே சுற்றளவு, தலைதான் வேறுவேறு. ஒன்று தட்டை, கார் பிறந்தபோது உள்ளே இருந்த வகை. இன்னொன்றின் தலை நடுவில் குழிந்திருந்தது. மூன்றாவது மேடிட்டிருந்தது, அது பெட்ரோல் கலவையை இன்னும் இறுக்கி அமுக்குவதால் வேகம் கூடுமாம்.

நான் அவற்றைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வேன்? மேடிட்டது இலிங்கத் திருமேனியை நினைவூட்டியது. குழிந்தது, பலி தேர்ந்து திரியும் பெருமான் கையிலுள்ள பிச்சையோட்டைப் போலிருந்தது. தட்டையோ, கொடிமரத்தடியில் நான் தலை தாழ்த்தும் பலிபீடம். மூன்றில் எதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரும்?

"எது நல்லது?" என்று கேட்டேன்.

"தட்டை போட்டா பழைய மாதிரி ஓடும். மேடு போட்டா, ஐயா, சும்மா பறக்கும். என் வண்டில அதான் போட்டிருக்கேன்."

"பறந்து எங்கே போறது? டயாலிசிஸுக்குத்தானே."

"சீக்கிரம் போகலாம்ல."

அந்த வார இறுதியில் பூப்போட்டுப் பார்க்க முடிவு செய்தேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி வெற்றிலையில் மடித்து, அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது எங்கள் வழக்கம். திருமணத்துக்கும் வீடு வாங்கவும் கேட்பார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் அந்த மாரியம்மன் கோயிலுக்கு நானும் மனைவியும் தெரிந்தவர் வண்டியில் போனோம்.

பூசாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூணா? என்கிட்ட ரெண்டு நிறம்தானே இருக்கு. ஒன்னைக் கழிச்சிட்டு வாங்க" என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்த என் மனைவி, "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ இவ்வளவு யோசிக்கல, சாமி. ஒரு டீயைக் குடிச்சிட்டு சரின்னுட்டாரு" என்றாள்.

கோயில் வாசலில் நின்று மெக்கானிக்கைக் கைப்பேசியில் அழைத்தேன். "குழி வேணாம் ஐயா, இழுவை போயிடும்" என்றார். பிச்சையோட்டைக் கையிலேந்தியவனை வாசலோடு திருப்பி அனுப்பிய பாவத்துக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். வெள்ளை வந்தால் மேடு, சிவப்பு வந்தால் தட்டை என்று வேண்டிக்கொண்டோம். பொட்டலத்தை எடுத்தவள் என் மனைவி. பிரித்தால் வெள்ளை.

மேட்டுப் பிஸ்டனையே வாங்கச் சொல்லிவிட்டேன். மனம் அடங்கியது. சிலிண்டரைக் கடைவதுதான் பாக்கி.

அடுத்த டயாலிசிஸ் முடிந்த பகலில் வாடகைக் கார் வரவில்லை. பட்டறை அருகிலேயே இருந்ததால் மெக்கானிக் தம் காரைக் கொண்டுவந்து எங்களை ஏற்றிக்கொண்டார். சிவப்புச் சமிக்ஞை விளக்கில் நின்றபோது வண்டி முழுவதும் நடுங்கியது. என் மனைவி இடக்கையை வலக்கையால் பிடித்துக்கொண்டாள். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம் அது. விரல் வைத்தால் மெல்ல அதிரும். அதிர்வு நின்றால் ஆபத்து என்று சொல்லியிருக்கிறார்கள். நாளுக்குப் பலமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

"தம்பி, எஞ்சினைக் கொஞ்சம் நிறுத்துங்க."

"விளக்குல நிக்கிறோம், அம்மா."

"பச்சை விழறவரைக்கும் நிறுத்துங்க. வண்டி ஆடுறதுல கையில ஓடுதா இல்லையான்னே தெரியல."

அவர் நிறுத்தினார். அவள் விரல்களை அசைக்காமல் வைத்திருந்து, பிறகு மூச்சு விட்டாள். வீடு வந்து இறங்கியதும் சொன்னாள்: "தட்டையே போடுங்க."

"அம்மன் வெள்ளை கொடுத்தாளே. நீதானே எடுத்தே."

"எடுத்தது அவ எடுக்க வெச்சது. இது நான் சொல்றது."

மெக்கானிக் சங்கடத்துடன் தலையைச் சொறிந்தார். "அம்மா, என் வண்டி ஆடுறது பிஸ்டனால மட்டும் இல்ல. வேற வேலையும் செஞ்சிருக்கேன். உங்க வண்டி இந்த அளவுக்கு ஆடாது."

"எந்த அளவுக்கு ஆடும்?"

"அது போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"போட்டுப் பார்த்தப்புறம் மாத்த முடியுமா?"

அவர் மறுபடி தலையைச் சொறிந்துகொண்டே காருக்குத் திரும்பினார். அம்மை என் மனைவியின் கையால் ஒன்றைச் சொன்னாள். அவள் வாயால் இன்னொன்று வருகிறது. பூவுக்குப் பணிந்தால் இவளை நடுங்கும் இருக்கையில் அமர்த்த நேரும். இவளுக்குப் பணிந்தால் சந்நிதியில் எப்படி நிமிர்ந்து நிற்பேன்? மறுபடி கேட்கலாம் என்று பூசாரியிடம் போனேன். "ஒரே கேள்வியை ரெண்டு தடவை கேட்டா, முதல்ல சொன்னதை நம்பலன்னு ஆயிடும், ஐயா" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை பதிகம் ஓத உட்கார்ந்தேன். பழகிய பாட்டு பாதியில் நின்றது. அடுத்த அறையில் அவள் காலை எடுத்துக் கட்டிலில் வைக்கும் முனகல் கேட்டது. எழுந்துபோய் மெக்கானிக்கை அழைத்து, தட்டையை அளந்து கடையச் சொன்னேன்.

இப்போது கார் ஓடுகிறது, புகை இல்லை. முதல் பயணத்தில் அவள் வழியெல்லாம் உறங்கினாள். ஆயர் குரோ விளக்கில் கண் விழித்தபோது, "அம்மன் கோவிச்சிருப்பாளோ?" என்று கேட்டேன்.

"கோவிச்சிருந்தா வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்காது. பச்சை விழுந்திடுச்சு, போங்க."

அன்று காலை அவள் வெளியே வருவதற்கு முன், சாவியை இரண்டாம் முறை திருகிய பிறகுதான் வண்டி கிளம்பியது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. அதற்குப் பொருள் உண்டா இல்லையா என்பதையும் அறியேன்.

இதைப் படிப்போர் அனைவரும் நோயின்றி வாழ்க. நோயுற்றோர் வலியின்றி வழி கடக்க. அவர்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் நடுவழியில் நில்லாதிருக்க. அம்மையப்பன் அருள் எல்லார் இல்லத்திலும் நிறைக.