அத்தானின் ஆட்கள்

காலை ஆறரை மணிக்கு அக்காவின் போன் வந்தபோது ஓட்டுநர் லாரி டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தான் எந்திரிக்கலடா," என்றாள் அக்கா. "தூக்கத்துலயே போயிட்டார்."

அக்காவின் கணவர் கால்சட்டை தைப்பவர். கடை கைக்குட்டை அகலம்தான். சாப்பாட்டுப் பாத்திரம் மட்டும் பெரியது. அவித்த பயறு, கீரை, தோல் சீவாத காய்.

"என்ன அத்தான், மேய்ச்சல் முடிஞ்சுதா?" என்று ஓட்டுநர் கேலி செய்வார்.

"நீ பொரிச்சதாவே தின்னு மாப்ளே. உன் லாரிகூட அவ்வளவு எண்ணெய் குடிக்காது."

ஒருமுறை ஓட்டுநருக்கு நெஞ்சில் சளி கட்டியது. அதற்குத் தந்த மருந்து வயிற்றிலிருந்த நல்ல கிருமிகளையும் சேர்த்து வழித்துவிட்டது. காலியான இடத்தில் ஒரு கெட்ட கிருமி வந்து உட்கார்ந்தது. வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. ஆள் கொடியில் காயும் சட்டை மாதிரி ஆனார்.

நலமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல கிருமிகளை எடுத்துக் குடலில் குடியேற்றலாம் என்றார் டாக்டர். அத்தானைச் சோதித்தார்கள், தேறிவிட்டார்.

"நீ கேலி பண்ண பயறுதான் உன்னைக் காப்பாத்தப் போகுது," என்று அக்கா தம்பியை இடித்துக்காட்டினாள்.

நாள் குறித்த பிறகு தையல் ஊசி அத்தானின் விரலில் ஏறியது. விரல் வீங்கியது. கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டால் அவருடைய நல்ல கிருமிகளும் செத்துவிடும், தர முடியாது. வேறு ஆள் தேடும்வரை ஓட்டுநர் தாங்குவாரா என்பதே சந்தேகம். "கழுவிக் கட்டிப் பார்ப்போம். வீக்கம் ஏறினா மாத்திரைதான்," என்றார் டாக்டர். அத்தான் கடையைப் பூட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். வீக்கம் வடிந்தது.

சிகிச்சைக்குப் பின் ஓட்டுநருக்கு முதல்முறையாக நன்றாகப் பசித்தது. பொரித்ததைத் தேடினார்.

"மாப்ளே, உள்ள இருக்கறது என் ஆளுங்க," என்றார் அத்தான். "அவங்களுக்கு நார் உள்ள சாப்பாடுதான் பிடிக்கும். பட்டினி போட்டேன்னா, வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

அன்று முதல் லாரியிலும் ஒரு பயறு டப்பா ஏறியது. விடுப்பு நாளில் இருவரும் ஒரே பாத்திரத்தில் மேய்ந்தார்கள். அடுத்து வந்த வருடங்களில் ஓட்டுநர் ஒரு சுற்றுப் பெருத்தார். அத்தானிடம் இரண்டு முறை இடுப்பளவு மாற்றித் தைத்துக்கொண்டார்.

இன்று துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுக்க ஓட்டுநர் அக்கா வீட்டுச் சமையலறைக்குள் போனார். "நீ லோடு இறக்கிட்டு வருவேன்னு ராத்திரி அவர்தான் ஊறப்போட்டார்," என்றாள் அக்கா பின்னாலிருந்து.

கொண்டைக்கடலை பாத்திரத்தின் விளிம்பு வரை உப்பியிருந்தது. அதை இன்னும் யாரும் அவிக்கவில்லை.