மின் அடுப்பும் ஒரு கண்ணாடிக் கிளாஸும்

அம்மாவுக்குத் தொய்வு. விறகுப் புகை பட்டால் இரவெல்லாம் மூச்சு இழுக்கும். அதனால்தான் லண்டனில் இருந்த அண்ணன், எண்பத்தைந்தில் அண்ணியோடு எங்கள் ஊரான கரம்பொனுக்கு வந்தபோது, ஒரு மைக்ரோவேவ் அடுப்பையும் கொண்டுவந்தார். பெட்டியைப் பிரித்த அன்று அயலட்டை எல்லாம் எங்கள் குசினி வாசலில் நின்றது. நெருப்பில்லாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், போகும் வழியெல்லாம் எங்களைப் பற்றித்தான் கதைத்திருப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அடுப்பு வந்தது, அதற்குள் வைக்கப் பாத்திரம்தான் இல்லை. அண்ணி கொண்டுவந்த ஒரே கண்ணாடிக் கோப்பை அன்றே கைதவறி விழுந்து நொறுங்கிவிட்டது. உலோகம் எதுவும் கூடாது என்று அண்ணி சொன்னதும், எவர்சில்வர், பித்தளை, வெள்ளிச் செம்பு என்று எங்கள் குசினிப் பெருமை முழுவதும் ஒரே வார்த்தையில் தள்ளுபடியானது. அப்பா தெற்கே கடை வைத்திருந்த நாளில் வாங்கிய தேநீர்க் கோப்பைகளை அம்மா அலுமாரியிலிருந்து பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். விளிம்பில் தங்கக் கோடு. அண்ணி வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் ஒன்றை வைத்துத் திருகிவிட்டார். உள்ளே படபடவென்று பொறி பறந்தது. அம்மா முருகனைக் கூப்பிட்டார். மெலமைன் கோப்பையில் தண்ணீருக்கு முன்னால் கோப்பை சுட்டு மணத்தது. மண்சட்டி ஈரத்தைக் குடித்து வைத்திருந்ததால் பிடிக்க முடியாதபடி கொதித்தது. தண்ணீர் சுட வேண்டும், பிடிக்கிற இடம் சுடக் கூடாது, பூவோ கோடோ இருக்கக் கூடாது. அண்ணியின் சோதனை அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒன்றும் அதில் தேறவில்லை.

மறுநாள் காலை நான் கிணற்றடியிலிருந்து வந்தபோது அப்பா விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கையில் தடித்த கண்ணாடிக் கிளாஸ். கோடில்லை, பூவில்லை. எனக்கு அதைத் தெரியும்.

அது எங்கள் வளவு கூட்டவும் மா இடிக்கவும் வருகிற பெண்ணுடைய கிளாஸ். குசினிக்கு வெளியே, வீட்டின் பின்னால் கோடிப்புறச் சுவர்ப் பொந்தில் கவிழ்த்து வைத்திருக்கும். அவர் சாதியைச் சேர்ந்தவர்களுக்கு எங்கள் செம்பிலோ பேணியிலோ ஒன்றும் கொடுப்பதில்லை. அம்மா மேலேயிருந்து ஊற்றுவார், அவர் குடித்துவிட்டுத் தானே கழுவி வைப்பார். அவர் அம்மாவுக்கு மூத்தவர். நாங்கள் சின்னப் பிள்ளைகள்கூட அவரை "நீ" என்றுதான் கூப்பிட்டோம். கொழும்பில் வளர்ந்த அண்ணிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? தேறிய ஒரே கிளாஸ் என்று சந்தோஷமாக எடுத்துக் கழுவியிருக்கிறார்.

அம்மாவும் அப்போதுதான் கண்டார். முகம் செத்துப்போயிற்று.

"பிள்ளை, இந்தக் கிளாஸ் எங்க எடுத்தனீர்?"

"கோடியில, சுவருக்குள்ள இருந்தது மாமி."

அப்பாவின் கை பாதியில் நின்றது. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தபின், அகதி முகாமில் யாரோ குடித்துவிட்டுக் கொடுத்த தகரப் பேணியில் தண்ணீர் குடித்தவர்தான் அவர். ஆனால் ஊருக்கு வந்தபின் அவர் பழைய அப்பாதான். அண்ணன் வருவதற்கு முந்திய வருடம் எங்கள் தண்ணீர்ப் பானையைத் தொட்டாள் என்று இன்னொரு பெண்ணை வேலிப் படலைக்கு வெளியே நிறுத்தியவர், பிறகு அவளை வேலைக்கு எடுக்கவேயில்லை.

கோடிப்புறத்தில் விளக்குமாற்றின் சத்தம் நின்றது. கிளாஸுக்கு உரியவர் தேநீருக்காக வந்து நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். எங்கள் வீட்டுக் கூலியில்தான் அவர் வீட்டு உலை கொதித்தது. அம்மா அவரைப் பார்த்து, இது உன்னுடையதா என்று கேட்டார். அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு, பயந்துபோய் நின்ற அண்ணியைப் பார்த்தார்.

"என்ர இல்லையம்மா. என்ர கிளாஸ் நேற்று விழுந்து உடைஞ்சு போச்சு. இது வேற."

முதல் நாள் பின்னேரம் அவர் அதில் குடித்ததை நான் பார்த்திருந்தேன். அம்மாவுந்தான். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்தார். லண்டனில் ஊர் உலகமெல்லாம் குடித்த கோப்பையில் குடிக்கிற அண்ணன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கத்தில் எனக்கு உடம்பு முழுவதும் எரிந்தது. எங்கள் மானத்தைக் காப்பாற்ற அவர் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா ஆறுதலாக மூச்சு விட்டு மிச்சத்தையும் குடித்தார்.

"நல்ல கிளாஸ். இனி எனக்கு இதிலேயே தாங்கோ," என்றார்.

கிளாஸ் உடைந்தவருக்குத் தேநீர் கொடுக்க ஏதாவது வேண்டுமே. அம்மா உள்ளே போய்த் தேங்காய் துருவிய சிரட்டை ஒன்றை எடுத்து வந்து ஊற்றினார். அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

"சூடு காணுமோ, இன்னும் வேணுமோ?" என்று அம்மா கேட்டார்.

"காணும் அம்மா," என்றார் அவர்.