தங்கை எழுதிய பத்தி

அக்கா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். குடும்பத்துக்காக மேல்படிப்பை விட்டு வேலைக்குப் போனவள். கல்லூரியில் படிக்கும் தங்கையோ போர், விஞ்ஞானம், அறம், ஊடகம் என்று வாராவாரம் பத்திரிகையில் கருத்து எழுதினாள். அப்பா அதையெல்லாம் வெட்டி ஒட்டி வைக்கும்போது அக்காவுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் தங்கை கட்டுரையை நீட்டி, "சரியா இருக்காக்கா?" என்றாள். வைரஸ் காய்ச்சலை ஆன்டிபயாடிக் குணமாக்கும் என்று அதில் இருந்தது. தப்பு என்று அக்காவுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

"நல்லா இருக்குடி" என்றாள்.

கட்டுரை வெளிவந்ததும் வாசகர்கள் கிழித்தெடுத்தார்கள். தங்கை அழுதாள். அக்காவுக்கு அன்று சாப்பாடு ருசித்தது.

அடுத்த வாரம் தங்கை, "சரிபார்க்காமல் எழுதியது என் தவறு" என்று அதே இடத்தில் எழுதினாள். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாராட்டு முன்னைவிட அதிகமாகக் குவிந்தது.

அக்காவால் தாங்க முடியவில்லை. "அது தப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி!" என்று போட்டு உடைத்தாள்.

தங்கை கையிலிருந்த அடுத்த கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "இனிமே உன்கிட்ட காட்டலக்கா" என்றாள்.

இப்போதெல்லாம் அக்கா அவள் எழுதுவதை அச்சில் வந்த பிறகுதான் படிக்கிறாள், எங்காவது தப்பு இருக்கிறதா என்று தேடிக்கொண்டே.